ஆக்சஸ் ஃபார்ம் காலியா வருது, பட்டன் வேலை செய்யல, தேதி மாறுது: எங்கேருந்து தேட ஆரம்பிக்கணும்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி திருப்பி சொல்லிடறேன், ஏன்னா அதுல நாலஞ்சு விஷயம் ஒண்ணா கலந்து கெடக்கு. சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் மளிகை மொத்த வியாபாரம், பாஸ் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரையோ வச்சு ஆக்சஸ்ல, அதாவது மைக்ரோசாஃப்ட்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல, எழுதி வாங்கின பில்லிங் புரோகிராம், மூணு பழைய பிசியில ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்துச்சு, போன மாசம் ஒரு புது லேப்டாப் வாங்கி அதுல எடுத்துப் போட்டதுலேருந்து கஸ்டமர் ஃபார்ம் காலியா தொறக்குது, சில பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல, தேதி போட்டு பில் தேடினா வேற மாசத்து பில் வருது, ஒரு தடவை மொத்தமா உறைஞ்சு போயி டிங் டிங்னு சத்தம் மட்டும் வந்துச்சு, தமிழ்ப் பேர் வர்ற எடத்துல சில சமயம் கேள்விக்குறி, சில சமயம் குப்பையா இங்கிலீஷ் எழுத்து. பாஸ் வைரஸ்ங்கறாரு, நீங்க புரோகிராமே கெட்டுப்போச்சான்னு பயப்படறீங்க. சரிதானே?

வைரஸ் எல்லாம் இல்ல. இந்த ஊர்ல சின்ன சின்ன கடை, கிடங்கு, டியூஷன் சென்டர்னு பதினஞ்சு வருஷத்துக்கு மேல இதே வேலைதான் பாத்துக்கிட்டு இருக்கேன், ஆக்சஸ்ல பேய் பிடிச்ச மாதிரி தெரியறதுல பெரும்பாலானது ரெண்டே எடத்துலேருந்து வருது. ஒண்ணு, ஆக்சஸ் சத்தமில்லாம ஞாபகம் வச்சுக்கிறது, யாரோ என்னைக்கோ போட்ட ஃபில்டர் (சிலதை மட்டும் காட்டு, மத்ததை மறைன்னு சொல்றது), ஃபார்ம் கடைசியா நின்ன எடம், இந்த மாதிரி. இன்னொண்ணு, அது விண்டோஸ்கிட்டேருந்து கடன் வாங்கறது, தேதி எழுதற முறை, பிரிண்டர், ஃபான்ட், ஸ்கிரீன் அளவு. முதல் வகை ஃபைல் கூடவே போகும், ரெண்டாவது வகை மெஷின்லயே உக்காந்திருக்கும். அதனால டிசைனுக்குள்ள போயி எதையும் நோண்டறதுக்கு முன்னாடி கோளாறு ஃபைல் கூட போகுதா மெஷின் கூட இருக்கான்னு மட்டும் கண்டுபிடிங்க. இதை செய்யாம நேரா ப்ராப்பர்ட்டி எல்லாத்தையும் மாத்தி மாத்தி பாத்தவங்க எங்கிட்ட வரும்போது ஒரு கோளாறு மூணு ஆயிருக்கும்.

எப்படின்னா, முதல்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டு ஃபைலை காப்பி எடுத்து தனியா வைங்க. அந்த காப்பியை பழைய பிசி ஒண்ணுல தொறங்க. அங்க ஒழுங்கா ஓடுச்சுன்னா லேப்டாப்தான் காரணம், அங்கயும் அதே கோளாறுன்னா ஃபைல்தான். அடுத்து ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஃபைலை தொறங்க, அப்ப தொறந்ததும் தானா ஓடற ஆட்டோஎக்ஸெக் மாக்ரோவும் ஆரம்ப ஃபார்மும் ஓடாம நேரா உள்ள போகலாம், எழுதினவர் அந்த வழியை அடைச்சு வைக்காம இருந்தா. இடது பக்கம் லிஸ்ட் தெரியலன்னா எஃப் 11, மேல ரிப்பன் சுருங்கி கெடந்தா கண்ட்ரோலும் எஃப் 1ம். கடைசியா, கஸ்டமர் டேபிளை செலக்ட் பண்ணி கிரியேட் மெனுல ஃபார்ம்னு ஒரு கிளிக், ஆக்சஸே ஒரு புது ஃபார்ம் போட்டு குடுக்கும். அதுல கஸ்டமர் எல்லாரும் வந்தா டேட்டா பத்திரமா இருக்கு, பழைய ஃபார்ம் மட்டும்தான் முரண்டு பிடிக்குது. பாஸ்கிட்ட அதைக் காட்டிடுங்க, அவர் பாதி கோபம் அதுலயே போயிடும்.

இப்ப காலி ஃபார்ம். 'காலியா இருக்கு'ன்னு சொன்னா நான் உடனே கேக்கறது, எப்படி காலி? பேர், போன் நம்பர்னு கட்டம் எல்லாம் தெரியுது, உள்ள மட்டும் ஒண்ணுமில்ல, கீழ 1 ஆஃப் 1னு காட்டுதுன்னா அந்த ஃபார்ம் புது ரெக்கார்டு போடறதுக்காக தொறந்திருக்கு. ப்ராப்பர்ட்டி ஷீட்டுல டேட்டா டேப்ல 'டேட்டா என்ட்ரி' எஸ்னு இருக்கும், இல்லாட்டி தொறக்கற பட்டன்லயே ஆட் மோடுன்னு குடுத்திருப்பாங்க. பேர் நல்லா இருக்கேன்னு யாராவது எஸ் போட்டுடுவாங்க, டேட்டா போடற ஃபார்ம்தானேன்னு, ஆனா அதுக்கு அர்த்தம் புதுசு மட்டும் போடலாம், பழசைக் காட்டாதேன்னு. அப்படி இல்லாம கட்டமே தெரியல, நடுவுல வெறும் சாம்பல் கலரோ வெள்ளையோதான் இருக்குன்னா அது வேற கதை: காட்டறதுக்கு ஒரு ரெக்கார்டும் இல்ல, புதுசு சேக்கறதுக்கும் அனுமதி இல்ல, அப்ப ஆக்சஸ் டீடெயில் பகுதியையே வரையாம விட்டுடும். அனுமதி இல்லைங்கறது 'அலோ அடிஷன்ஸ்' நோன்னு இருக்கறதால இருக்கலாம், இல்ல பின்னாடி இருந்து டேட்டாவை எடுத்துக் குடுக்கற குவெரியே எடிட் பண்ண முடியாததா இருக்கலாம், க்ரூப் பை போட்டு ரெக்கார்டை கூட்டிச் சுருக்கற குவெரி மாதிரி. குவெரியை தனியா தொறந்து கீழ புது ரெக்கார்டு பட்டன் மங்கலா இருக்கான்னு பாருங்க, மங்கலா இருந்தா காரணம் அதுதான்.

மூணாவது ரகம்தான் உங்களுதுன்னு எனக்கு தோணுது. ஃபார்முக்கு கீழ, அந்த ரெக்கார்டு நம்பர் காட்டற பட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்ன எழுத்து இருக்கும், யாரும் படிக்கறதே இல்ல. அதுல 'நோ ஃபில்டர்'னு இருந்தா ஃபில்டரே கெடையாது. 'ஃபில்டர்டு'ன்னா இப்ப ஃபில்டர் ஓடிக்கிட்டு இருக்கு. 'அன்ஃபில்டர்டு'ன்னு இருந்துச்சுன்னா, இதைத்தான் கவனிக்கணும், ஃபில்டர் ஒண்ணு சேமிச்சு வச்சிருக்கு ஆனா இப்ப தூங்குதுன்னு அர்த்தம். யாரோ ஒருத்தர் ஒரு நாள் ஒரே ஒரு கஸ்டமரைத் தேடறதுக்கு ஃபில்டர் போட்டு, மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டதுக்கு எஸ்னு அமுக்கியிருப்பார். கூடவே 'ஃபில்டர் ஆன் லோட்' எஸ்னு இருந்தா ஒவ்வொரு தடவையும் அது தானா எழுந்து வந்து உக்காந்துக்கும். அந்தக் கஸ்டமரை அப்புறம் யாராவது டிலீட் பண்ணிட்டாங்கன்னு வைங்க, ஃபார்ம் காலி. டிசைன் வியூவுல ஃபில்டர் கட்டத்துல இருக்கறதை அழிச்சிட்டு, ஃபில்டர் ஆன் லோட் நோன்னு மாத்தி சேவ் பண்ணுங்க. ஆர்டர் பைங்கற கட்டத்தையும் ஒரு பார்வை பாத்துடுங்க, 'லிஸ்ட் ஏன் கண்டபடி வரிசையில வருது'ங்கற புகாருக்கு அங்கதான் விடை இருக்கும்.

பட்டன் வேலை செய்யாதது லேப்டாப் விஷயம். ஃபைலை ஈமெயில்ல அனுப்பிச்சு டவுன்லோடு பண்ணிதானே லேப்டாப்ல போட்டீங்க? இன்டர்நெட்டுலேருந்து வந்த ஃபைல்னு விண்டோஸ் அதுல ஒரு முத்திரை குத்திடும், 2022லேருந்து ஆபீஸ் அந்த மாதிரி ஃபைல்ல இருக்கற மாக்ரோவை இன்னும் கறாரா தடுக்குது. மேல ஒரு பட்டையில எச்சரிக்கை வந்திருக்கும், யாரோ எக்ஸ் அமுக்கி மூடியிருப்பாங்க, அதுக்கப்புறம் பட்டன் அமுங்கும் ஆனா உள்ள எழுதி வச்சிருக்கற புரோகிராம் கோடு ஓடாது, எரரும் வராது. ஆக்சஸை மூடிட்டு ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழ 'அன்பிளாக்'னு ஒரு டிக் இருக்கும், போட்டு ஓகே. அதோட ட்ரஸ்ட் சென்டர்ல போயி அந்த ஃபோல்டரை ட்ரஸ்டட் லொகேஷனா சேத்துடுங்க. தயவுசெஞ்சு மாக்ரோ எல்லாத்தையும் எனேபிள் பண்ணுங்கற ஆப்ஷனை மட்டும் தொடாதீங்க, அது வாசக்கதவை கழட்டி வைக்கிற மாதிரி.

அந்த டிங் டிங் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, ஏன்னா பாக்கறவங்க எல்லாரும் ஹேங் ஆயிடுச்சுன்னு டாஸ்க் மேனேஜர்ல போயி கொன்னுடுவாங்க, அது பாவம் உயிரோடதான் இருக்கு. லேப்டாப்புல ரெண்டாவது மானிட்டர் மாட்டியிருந்தீங்களா? பாப்அப்னு வச்ச ஃபார்ம் ஆக்சஸ் விண்டோவுக்கு வெளிய எங்க வேணா போயி நிக்கும், அதை ரெண்டாவது மானிட்டருக்கு இழுத்துக்கிட்டுப் போயி அங்கயே சேவ் ஆயிடுச்சுன்னா, அடுத்த நாள் மானிட்டர் இல்லாம தொறக்கும்போது அது ஸ்கிரீனுக்கு வெளிய, கண்ணுக்கு தெரியாத எடத்துல போயி தொறக்கலாம். கூட 'மோடல்'னும் வச்சிருந்தா, என்னை மூடாம வேற எதையும் தொடாதேன்னு அர்த்தம். நீங்க எங்க கிளிக் பண்ணாலும் அதனாலதான் டிங். ஆல்ட்டும் ஸ்பேஸும் சேத்து அமுக்குங்க, அப்புறம் எம், அப்புறம் ஒரு தடவை அம்புக்குறி கீ, பிறகு மவுஸை அசைச்சீங்கன்னா ஃபார்ம் மவுஸ்ல ஒட்டிக்கிட்டு வந்துடும். நிரந்தரமா தீக்கணும்னா டிசைன்ல 'ஆட்டோ சென்டர்' எஸ்னு வைங்க. எழுத்து வெட்டுப்பட்டு தெரியறது, பட்டன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறறது எல்லாம் பெரும்பாலும் லேப்டாப் ஸ்கிரீன் 150 சதவீதத்துலயும் மானிட்டர் 100லயும் இருக்கறதாலதான், ரெண்டையும் ஒரே அளவுக்கு வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.

உறையறதுல இன்னொரு வகை உண்டு, அதுல சத்தம் கூட வராது, விண்டோ அப்படியே படம் மாட்டின மாதிரி நிக்கும். கோடுல எக்கோவை (ஸ்கிரீனை புதுப்பிச்சுக் காட்டறது) ஆஃப் பண்ணிட்டு நடுவுல எரர் வந்து, திரும்ப ஆன் பண்ற வரிக்கு போகாமலே நின்னிருக்கும். கண்ட்ரோலும் ஜியும் அமுக்கினா கோடு எழுதற விண்டோ வரும், அதுல அப்ளிகேஷன் டாட் எக்கோ ட்ரூன்னு அடிச்சு என்டர் தட்டினா உயிர் வந்துடும். இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், செட் வார்னிங்ஸ், அவன்தான் ரொம்ப மோசம். என் அனுபவம் சொல்றேன், நான் ஆரம்பத்துல ஒரு கிடங்குக்கு எழுதிக் குடுத்த புரோகிராம்ல, அப்டேட் குவெரி ஓடும்போது 'இத்தனை ரெக்கார்டு மாறப்போகுது, சரியா'ன்னு கேக்கற தொல்லை வேணாம்னு வார்னிங்கை ஆஃப் பண்ணிட்டு கீழ ஆன் பண்ற வரியும் எழுதியிருந்தேன். நடுவுல ஒரு நாள் எரர், கீழ போகல. அன்னைக்கு முழுக்க அங்க வேலை பாத்த அக்கா டிலீட் கீயை அமுக்க அமுக்க ஆக்சஸ் ஒரு வார்த்தை கேக்காம ரெக்கார்டு ரெக்கார்டா அழிச்சிக்கிட்டே இருந்திருக்கு. அவங்க எப்பவும் போல கேக்கும், நோன்னு சொல்லிக்கலாம்னு பழக்கத்துல அமுக்கியிருக்காங்க. சாயங்காலம் தான் கண்டுபிடிச்சோம், முந்தின நாள் பேக்கப் இருந்ததால பொழைச்சேன். ஆக்சஸை மூடித் தொறந்தா அந்த நிலை போயிடும், அதனாலதான் இந்தக் கோளாறை யாராலயும் திரும்ப நடத்திக் காட்ட முடியாது, நீங்க போயி பாக்கும்போது எல்லாம் ஒழுங்கா கேக்கும். உங்க புரோகிராம்ல அந்த வார்த்தையைத் தேடிப் பாருங்க, இருந்தா எடுத்துட்டு கரண்ட்டிபி எக்ஸிகியூட்னு மாத்தி, கூட டிபி ஃபெயில் ஆன் எரர் போடுங்க. அது கேள்வியும் கேக்காது, தப்பு நடந்தா மறைக்கவும் செய்யாது.

தேதிக்கு வர்றேன், இதுல அவசரம் இருக்கு. ஆக்சஸ் உள்ள தேதின்னு எதையும் வச்சுக்கிறதில்ல, 30 டிசம்பர் 1899லேருந்து எத்தனையாவது நாள்னு ஒரு எண் மட்டும்தான். நேரம் மட்டும் போட வேண்டிய கட்டத்துல சில சமயம் 30/12/1899னு ஒரு விசித்திரமான தேதி எட்டிப் பாக்கறதும் அதனாலதான், நாள் பகுதி பூஜ்யம்னு அர்த்தம். அந்த எண்ணை எப்படிக் காட்டணும், நீங்க டைப் பண்றதை எப்படிப் படிக்கணும்ங்கறதை விண்டோஸோட ரீஜன் செட்டிங்தான் முடிவு பண்ணுது. கடையில இருக்கற பழைய பிசி எல்லாம் இங்கிலீஷ் சிங்கப்பூர்னு இருக்கும், நாள் முதல்ல. புது லேப்டாப் இங்கிலீஷ் யுனைட்டட் ஸ்டேட்ஸ்னு வந்திருக்கும், மாசம் முதல்ல. அதுல நீங்க 3/4/2024னு அடிச்சா ஏப்ரல் 3னு நீங்க நினைக்கறீங்க, அது மார்ச் 4னு எடுத்துக்குது. ஆனா 13/4/2024னு அடிச்சா பதிமூணாவது மாசம் கெடையாதுன்னு அதுவே புரிஞ்சுக்கிட்டு ஏப்ரல் 13னு சரியாப் போட்டுடும். எரர் குடுத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும், உதவி பண்றேன்னு இது பண்ற வேலையாலதான் மாசத்துல முதல் 12 நாள் தப்பாவும் 13லேருந்து சரியாவும் இருக்கும், பாக்கறவங்களுக்கு ஒரு பிடியும் கெடைக்காது.

இதுல தேடறது மட்டும் தப்பாப் போகலைங்கறதுதான் விஷயம். போன மாசம் முழுக்க லேப்டாப்ல போட்ட பில் இருக்கே, அதுல ஒண்ணுலேருந்து 12 தேதி வரைக்கும் போட்டதெல்லாம் தப்பான மாசத்துல சேமிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. ரீஜனை சிங்கப்பூருக்கு மாத்தினா இனிமே போடறது சரியாகும், ஏற்கனவே போட்டது தானா திரும்பாது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, பில் டேபிளை பில் நம்பர் வரிசையில அடுக்கி தேதி பத்தியை மட்டும் மேலேருந்து கீழ பாத்துக்கிட்டே வாங்க. நம்பர் ஏற ஏற தேதியும் ஏறணும். திடீர்னு தேதி பின்னாடி குதிச்சா, இல்ல இன்னும் வராத மாசத்துக்குப் போனா, அதை பேப்பர் பில்லோட ஒத்துப் பாத்து கையாலதான் திருத்தணும். ஜிஎஸ்டி கணக்கு குடுக்கறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க.

ஒருவேளை பழைய பிசியிலயும் தேடல் தப்பா வருதுன்னா காரணம் வேற, அது கோடுல. ஆக்சஸோட எஸ்கியூஎல், அதாவது குவெரி எழுதற மொழி, அதுக்குள்ள ரெண்டு ஹேஷ் குறிக்கு (#) நடுவுல எழுதற தேதியை, விண்டோஸ் என்ன சொன்னாலும் சரி, அமெரிக்கா முறையிலதான் படிக்கும். கோடுல தேதியை அப்படியே ஒட்ட வச்சா சிங்கப்பூர் செட்டிங் இருக்கற பிசியில #03/04/2024#னு போகும், உள்ள மார்ச் 4 ஆயிடும். வேடிக்கை என்னன்னா அமெரிக்கா செட்டிங் இருக்கற மெஷின்ல இதே கோடு ஒழுங்கா ஓடும், எழுதினவர் தன்னோட மெஷின்ல சோதிச்சுப் பாத்து சரியா இருக்குன்னு சத்தியமே பண்ணுவார். ஃபார்மட் ஃபங்ஷன் போட்டு #2024-04-03#னு வருஷம் முதல்ல வர்ற மாதிரி எழுதிட்டா எந்த ஊர் செட்டிங்கா இருந்தாலும் குழப்பம் இல்ல. ஃபார்ம்ல தெரியற கட்டத்துக்கு ஃபார்மட்டை மீடியம் டேட்னு வைங்க, மாசம் எழுத்துல வரும், டைப் பண்ணி அடுத்த கட்டத்துக்கு போன உடனே தப்பு கண்ணுல படும். எனக்கு இதைவிட சிறந்த மருந்து தெரியாது.

ஜிஎஸ்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது, பழைய பில்லைத் தொறந்து பாருங்க, 2022ல போட்ட பில்லுல வரி 7 சதவீதம்னு காட்டுதா 9னு காட்டுதா? 2023 ஜனவரியில 8 ஆச்சு, 2024 ஜனவரியில 9 ஆச்சு, அப்பல்லாம் நிறைய எடத்துல டெக்ஸ்ட் பாக்ஸோட கண்ட்ரோல் சோர்ஸ்ல இருந்த 0.07ஐ 0.08ன்னு மாத்தி, அப்புறம் 0.09னு மாத்தி விட்டுட்டாங்க. அது டேபிள்ல சேமிக்கற தொகை இல்ல, தொறக்கற நேரத்துல கணக்குப் போட்டுக் காட்டறது, அதனால பத்து வருஷத்து பழைய பில்லும் சேந்து 9 ஆயிடும். வரி விகிதத்தை ஒவ்வொரு பில்லோடயும் டேபிள்ல ஒரு தனிப் பத்தியா சேமிக்கணும். நீங்க கேக்கல, ஆனா பாத்துடுங்க.

அப்புறம் உங்க கேள்வியில போற போக்குல ஒண்ணு சொன்னீங்க, பில் போடற ஃபார்ம்ல ஒரு வரியில சாமான் வகையை மாத்தினா மத்த வரியில சாமான் பேர் காணாமப் போகுது, வேற வரிக்கு போனா திரும்ப வருதுன்னு. டேட்டா எங்கயும் போகல, அது வெறும் காட்சிதான். பல வரி ஒண்ணா தெரியற ஃபார்ம்ல பத்து வரி இருந்தாலும் கம்போ பாக்ஸ், அதாவது அம்பை அமுக்கினா லிஸ்ட் விழற கட்டம், உண்மையில ஒண்ணுதான், அதோட லிஸ்டும் ஒண்ணுதான். நீங்க ஒரு வரியில மசாலான்னு தேர்ந்தெடுத்த உடனே லிஸ்டு மசாலா சாமான் மட்டும்னு சுருங்குது. மேல வரியில பொன்னி அரிசியோட நம்பர் டேபிள்ல அப்படியே இருக்கு, ஆனா அந்த நம்பருக்கு உண்டான பேர் இப்ப லிஸ்டுல இல்ல, அதனால ஆக்சஸ் காலியாக் காட்டுது. வழி ரெண்டு இருக்கு, கம்போ பாக்ஸுக்குள்ள கர்சர் நுழையும்போது மட்டும் லிஸ்டை சுருக்கி வெளிய வரும்போது முழு லிஸ்டை திருப்பிக் குடுக்கறது ஒண்ணு. இன்னொண்ணு, குவெரியில சாமான் டேபிளையும் சேத்து பேரைக் கொண்டு வந்து, ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை கம்போ மேலயே கச்சிதமா படுக்க வச்சு, அம்பு மட்டும் வெளிய தெரியற மாதிரி விடறது, நான் ரெண்டாவதைத்தான் செய்வேன், கண் சிமிட்டாது. கடன் பாக்கி உள்ள வரியை மட்டும் சிவப்பாக்கப் போயி எல்லா வரியும் சிவப்பாகுதுன்னா அதுவும் இதே காரணம்தான், கோடுல கலர் மாத்தாம கண்டிஷனல் ஃபார்மட்டிங் போடுங்க.

'டைப் பண்ணிக்கிட்டே இருக்கும்போது எல்லாம் அழிஞ்சு போச்சு'ன்னு உங்க கடை அக்கா சொன்னதையும் அலட்சியமா விடாதீங்க, அவங்க சொல்றது அவங்க கண்ணுல பட்ட உண்மை. கடைசி கட்டத்துல டேப் கீ தட்டினா ஆக்சஸ் அந்த ரெக்கார்டை சேமிச்சிட்டு அடுத்ததுக்கு தாவிடும், புதுசா காலி ஃபார்ம் வந்து நிக்கும், பாக்கறவங்களுக்கு அழிஞ்ச மாதிரிதான் இருக்கும். அவங்க திரும்ப முதல்லேருந்து டைப் பண்ணுவாங்க, ஒரே கஸ்டமர் ரெண்டு தடவை ஏறிடும். ப்ராப்பர்ட்டியில அதர் டேப்ல 'சைக்கிள்'னு இருக்கும், அதை கரண்ட் ரெக்கார்டுன்னு வச்சா டேப் அந்த ரெக்கார்டுக்குள்ளயே சுத்தும். நான் எழுதற எல்லா ஃபார்ம்லயும் முதல் வேலையா இதைத்தான் மாத்துவேன்.

இன்னைக்கு தேதி காட்டற கட்டத்துல #நேம்?னு வந்தா கோடு விண்டோவுல டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் போயி மிஸ்ஸிங்னு ஏதாவது டிக்கோட நிக்குதா பாருங்க, பழைய பிசியில இருந்த ஏதோ ஒரு லைப்ரரி புதுசுல இல்லன்னா தேதி ஃபங்ஷன் மாதிரி சம்பந்தமே இல்லாதது கூட படுத்துடும். ரிப்போர்ட் தொறக்க ரொம்ப நேரம் ஆச்சுன்னா டீஃபால்ட் பிரிண்டர் எட்டாத எடத்துல இருக்கான்னு பாருங்க, பாஸ் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி தொறந்தா இப்படித்தான் ஆகும்.

இவ்வளவும் சரி பண்ணினாலும் ஒண்ணு மட்டும் மாத்தலன்னா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க. பழைய பிசி மூணுலயும் ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கற ஒரே ஃபைலைத் தொறக்கறீங்க, லேப்டாப்பையும் அதுலதான் சேக்கப் போறீங்க, சரியா? தொறந்திருக்கும்போது பக்கத்துல எல்ஏசிசிடிபின்னு முடியற ஒரு குட்டி ஃபைல் வரும், பழைய எம்டிபி ஃபைலா இருந்தா எல்டிபின்னு முடியும், யார் யார் உள்ள இருக்காங்கன்னு ஆக்சஸ் அதுலதான் குறிச்சு வைக்குது. டேட்டாவைப் பகிரறது தப்பில்ல, ஃபார்மைப் பகிரறதுதான் தப்பு. ஒருத்தர் போட்ட ஃபில்டர் இன்னொருத்தர் ஸ்கிரீன்ல வர்றது, ஃபைல் கெட்டுப்போறது எல்லாம் பாதி இதனால. டேட்டாபேஸ் டூல்ஸ்ல ஸ்ப்ளிட்னு ஒரு வசதி இருக்கு, டேபிள் எல்லாம் ஒரு ஃபைல்ல போயி ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கட்டும், ஃபார்ம், ரிப்போர்ட், கோடு இருக்கற ஃபைல் ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனி காப்பியா இருக்கட்டும். லேப்டாப்பை வைஃபையில விடாம கேபிள் போடுங்க, நடுவுல ஒரு நொடி விட்டுப் போனாலும் டேட்டா ஃபைல் அடி வாங்கும். அந்த ஃபைலை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி சிங்க் ஆகற ஃபோல்டர்ல வைக்கவே வைக்காதீங்க.

ஃபைலை சுருக்கிப் பழுது பாக்கற கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் இருக்கே, எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க, நான் வேணும்னேதான் இவ்வளவு கீழ வச்சேன். நல்ல மருந்துதான், ஆனா ஃபில்டரோ தேதியோ அதால சரியாகாது. எல்லாரும் வெளிய வந்தப்புறம், காப்பி எடுத்துட்டு ஓட்டுங்க. அதுக்கும் ஒரு ஃபார்ம் மட்டும் அடம் பிடிச்சா புதுசா ஒரு காலி ஃபைல் தொறந்து எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டேட்டா வழியா இம்போர்ட் பண்ணிப் பாருங்க, இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடியே புது ஃபைல்ல நேம் ஆட்டோகரெக்டை (ஒரு பேரை மாத்தினா மத்த எடத்துலயும் தானா மாத்தற வசதி) ஆஃப் பண்ணிடுங்க. பழைய ஆளுங்க அதை 'ஆட்டோகரப்ட்'னுதான் சொல்வாங்க, சும்மா சொல்லல.

கடைசியா தமிழ். இதுல ரெண்டு வேற வேற நோய் இருக்கு, ஒண்ணா நினைச்சா வழி கெடைக்காது. டேபிள்ல பேர் சரியா தெரியுது, ஆனா மெசேஜ் பாக்ஸ்ல மட்டும் ????னு வருதுன்னா அது விபிஏவோட, அதாவது ஆக்சஸ்ல கோடு எழுதற மொழியோட, குறை. ஆக்சஸ் டேபிள் 2000லேருந்தே யூனிகோடுதான் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற முறை), ஆனா கோடு எழுதற விண்டோவும் மெசேஜ் பாக்ஸும் இன்னும் பழைய ஏஎன்எஸ்ஐ காலத்துலயே நிக்குது, அந்தக் கணக்குல தமிழுக்கு ஒரு கோடு பேஜே, அதாவது எழுத்துப் பட்டியலே, கெடையாது, அதனால ரீஜன்ல மொழியை மாத்தினாலும் வராது. மெசேஜை ஒரு டேபிள்ல எழுதி வச்சிட்டு, மெசேஜ் பாக்ஸுக்கு பதிலா ஒரு சின்ன பாப்அப் ஃபார்ம் போட்டு அதோட லேபிள்ல காட்டுங்க, அழகா வரும், ஃபான்ட் நிர்மலா யூஐ வைங்க.

இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா குப்பையாத் தெரியற பேர் எல்லாம் ரொம்பப் பழைய கஸ்டமரா இருக்கும், பாருங்க. அது யூனிகோடுக்கு முன்னாடி டைப் பண்ணினது. அந்தக் காலத்துல ஒவ்வொரு ஃபான்ட்டும் இங்கிலீஷ் எழுத்தோட எடத்துல தமிழ் எழுத்தை வரைஞ்சு வச்சிருக்கும், எந்த எழுத்து எந்த எடத்துலன்னு ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். இந்த ஊர்ல நா. கோவிந்தசாமி கணியன்ங்கற தமிழ் மென்பொருள் செஞ்சதும், 1997ல கணினித் தமிழுக்காக தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூர்லயே நடந்ததும் இந்தத் தலைவலியை தீக்கத்தான். அதனால உங்க டேட்டா கெட்டுப் போகல, அதைப் படிக்கற ஃபான்ட் லேப்டாப்ல இல்ல, அவ்வளவுதான். பழைய பிசியில அந்த ஃபார்மைத் தொறந்து பேர் கட்டத்தோட ஃபான்ட் பேர் என்னன்னு குறிச்சுக்கோங்க, சி டிரைவ்ல விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டர்லேருந்து அந்த ஃபைலை ஒரு தம்ப் டிரைவ்ல எடுத்துக்கோங்க. அது என்ன ஃபான்ட்னு தெரிஞ்சா அதுக்கேத்த கன்வர்ட்டர் வச்சு யூனிகோடுக்கு மாத்திடலாம், தெரியலன்னா ஒவ்வொரு பேரையும் ஊகிச்சுத்தான் டைப் பண்ணணும். பழைய பிசி மூணையும் பழைய சாமான் எடுக்கற காராங் குனிக்காரர்கிட்ட போட்டுடலாம்னு பாஸ் சொல்றார்னு எழுதியிருந்தீங்களே, அந்த ஃபான்ட்டை எடுக்கற வரைக்கும் அவர் கையில குடுத்துடாதீங்க.